சோப்புக் கம்பெனி இல்லை, சோபெப்ஸ்: பறக்கும் தட்டுக்குக் கோப்பு போட்ட பெல்ஜியத் தன்னார்வலர்கள்

கோப்புக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் இன்னொரு இழையில் போகிறபோக்கில் "சோபெப்ஸ் மாதிரி ஒரு குழு இனி வராது" என்று எழுதிவிட்டேன். அது என்ன, சோப்புக் கம்பெனியா என்று நான்கு பேர் தனிச்செய்தியில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதச் சோம்பல். அதனால் இங்கேயே.

சோபெப்ஸ் என்பது பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். விண்வெளி நிகழ்வுகளை ஆராயும் பெல்ஜியச் சங்கம் என்று சொல்லலாம். 1971இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது. பகலில் அவரவர் வேலை, மாலையிலும் சனி ஞாயிறிலும் யாராவது வானத்தில் எதையாவது பார்த்தேன் என்றால் காரை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டு எழுதுவது. தலைவர் மிஷேல் பூகார். பொதுச்செயலாளர் லூசியன் க்ளேர்போ. சொந்தமாக ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். பதினெட்டு வருஷம் இப்படியே சத்தமில்லாமல் ஓடியது.

அப்புறம் 1989 நவம்பர் 29 வந்தது. ஜெர்மனி எல்லையோரம் ஆய்ப்பன் என்ற சிறு ஊர். மாலை ஐந்தேகால் மணி வாக்கில் ரோந்தில் இருந்த இரண்டு காவலர்கள் சாலையோர மேய்ச்சல் நிலத்துக்கு மேலே ஒரு பெரிய தட்டையான பொருள் நிற்பதாகப் பார்த்தார்கள். கீழ்நோக்கி மூன்று வெள்ளை விளக்குகள், நடுவே துடிக்கும் சிவப்பு விளக்கு. புல்வெளி முழுக்க வெளிச்சம். அது நகர, இவர்கள் பின்னாலேயே போனார்கள். கிலேப் அணைக்கட்டுப் பக்கம் ஒரு விளக்கு நெடுநேரம் நின்றதையும் பார்த்தார்கள். அதே மாலையில் அந்த வட்டாரத்தில் இன்னும் பலர் இதே மாதிரி சொன்னார்கள். அடுத்த ஒன்றரை, இரண்டு வருஷத்துக்குப் பெல்ஜியத்தின் தெற்குப் பகுதியான வாலோனியா முழுக்க இதே பேச்சு. 'பெல்ஜிய அலை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில் அரசாங்கத்திடம் இதற்கென்று ஓர் அலுவலகம் இல்லை. பத்திரிகைக்காரர்களும் காவல் நிலையங்களும் "சோபெப்ஸுக்குப் போன் போடுங்கள்" என்றுதான் சொன்னார்கள். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள், நிற்காமல் மணியடிக்கும் போன். 2,600 பேர் அளவில் எழுத்து வடிவில் சாட்சியம் கொடுத்ததாகக் கணக்குச் சொல்வார்கள். 1991இலும் 1994இலும் இரண்டு தடித்த அறிக்கைகள் போட்டார்கள்.

நான் அலுவலகத்தில் பதிவறையில் முப்பது வருஷம் இருந்தவன். என் கண்ணுக்கு இவர்கள் வேற்றுக்கிரகவாசியைத் தேடியவர்களாகத் தெரியவில்லை. சாட்சியை உட்கார வைத்து, பார்த்த இடத்துக்கே திரும்ப அழைத்துப்போய், "எந்தத் திசை, எவ்வளவு உயரம், எத்தனை நிமிஷம், சத்தம் உண்டா, படம் வரையுங்கள்" என்று கேட்டு எழுதி, தேதி போட்டு அடுக்கியவர்கள். அந்த வேலையை நன்றாகச் செய்தார்கள். சறுக்கியது வேறு இடத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

---

எட்டுக்கால்

ஐயா, நீங்கள் இதைக் குமாஸ்தா வேலையாகச் சுருக்கிவிட்டீர்கள். பார்த்தது யாரோ வழிப்போக்கன் இல்லை, சீருடை போட்ட காவலர்கள். 1990 மார்ச் 30 ராத்திரி எஃப்-16 விமானங்கள் இரண்டு கிளம்பினவே, அதை ஏன் விட்டீர்கள்? விமானத்து ராடாரில் லாக் விழுந்தது, அதாவது ராடார் ஓர் இலக்கைப் பிடித்துக்கொண்டது. நொடிகளில் மணிக்கு 280 கிலோமீட்டரிலிருந்து 1,800 கிலோமீட்டர் வேகத்துக்குத் தாவியது என்று விமானப்படையின் கர்னல் டி ப்ரௌவரே ஜூலை மாதம் பத்திரிகையாளர்களைக் கூட்டி ராடார் பதிவைக் காட்டினார். உலகத்தில் எந்த நாட்டு ராணுவம் இப்படி வெளிப்படையாகப் பேசியிருக்கிறது?

---

மணி_ராடார்

லாக் என்ற சொல்லைப் பார்த்ததும் வந்துவிட்டேன். விமான நிலைய ராடார் பராமரிப்பில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். போர் விமான ராடாரில் கைவைத்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரி நடந்த வரிசை இது. பதினொரு மணி வாக்கில் தரையிலிருந்து ஒரு காவலர் நிறம் மாறும் விளக்குகளைப் பார்த்துத் தகவல் கொடுக்கிறார். க்ளோன்ஸ் ராடார் நிலையம் தன் திரையிலும் ஏதோ இருப்பதாகச் சொல்கிறது. செம்மெர்சாக்கே ராடார் நிலையமும் ஆமாம் என்கிறது. 12.05க்கு போவ்வெஷான் தளத்திலிருந்து இரண்டு எஃப்-16 ஏறுகின்றன. ஒன்பது தடவை துரத்திப் பார்க்கிறார்கள். சில தடவை லாக் விழுகிறது, சில நொடியில் போய்விடுகிறது. ஒரு மணிக்குப் பிறகு இறங்கிவிடுகிறார்கள்.

இதில் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு விஷயம்: இரண்டு விமானிகளும் கண்ணால் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட. தரையில் இருப்பவர் "அதோ, அதோ" என்கிறார், ராடார் "இதோ" என்கிறது, நடுவே பறக்கிறவருக்கு வெறும் இருட்டு.

ராடார் என்பது கண் கிடையாது. ஓர் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையைக் கணக்குப் போட்டு "இங்கே ஏதோ இருக்கலாம்" என்று சொல்லும் கருவி. தெளிந்த குளிர் ராத்திரியில் தரையோரம் குளிர்காற்றும் அதன் மேல் வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நிற்கும். அலை அந்த அடுக்கில் வளைந்து தரைக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வரும். திரையில் விமானம் மாதிரிப் புள்ளி. அந்தப் புள்ளி திடீரென்று இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தோன்றினால், கருவி அதை ஒரே பொருள் என்று நினைத்து வேகம் கணக்கிடும். அப்போது 1,800 என்ன, 5,000கூட வரும். புதிதாக வேலைக்கு வந்த காலத்தில் நானும் இப்படி ஒரு 'விமானத்தை'ப் பார்த்து மேலதிகாரியை எழுப்பியிருக்கிறேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

விமானப்படையின் மின்னணுப் போர்ப் பிரிவிலேயே சால்மன், கில்மார் என்ற இரண்டு பேர் உட்கார்ந்து அந்த ராடார் பதிவு நாடாவை முழுக்கப் பிரித்துப் பார்த்தார்கள். லாக் விழுந்தவற்றில் மூன்று, கூடவே பறந்த மற்ற எஃப்-16தான். மீதிப் புள்ளிகள் காற்றடுக்கில் அலை சிதறியதால் வந்தவை. சோபெப்ஸ் பக்கம் நின்ற பேராசிரியர் மெசென், லூவேன் பல்கலைக்கழக இயற்பியலாளர், அவரே ஈரக்காற்றுதான் காரணம் என்ற விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார். எட்டுக்கால் தம்பி ஜூலை பேட்டியோடு நிறுத்திவிட்டார். அந்த ஆராய்ச்சியை சோபெப்ஸ் தன் இரண்டாவது அறிக்கையிலேயே அச்சிட்டது. தன் கட்சிக்கு எதிரான தாளையும் கோப்பில் சேர்த்தார்களே, அதற்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

---

சுந்தரி_கோவை

ஒரு சின்னக் கேள்வி. இத்தனை பேர் பார்த்தார்கள், மாதக்கணக்கில் பார்த்தார்கள், தாழப் பறந்தது என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் படங்கள் குவிந்திருக்க வேண்டுமே? எங்கே?

---

கோப்புக்காரன்

சறுக்கிய இடம் அதுதான் அம்மா.

படம் கிட்டத்தட்ட இல்லை. இருந்தவை மங்கல் புள்ளிகள். ஒன்றே ஒன்று தவிர. வெர்வியே பக்கத்தில் பெத்தி-ரெஷேன் என்ற ஊர். அங்கே ஓர் இளைஞர் 1990 ஏப்ரலில் எடுத்ததாகச் சொன்ன வண்ண ஸ்லைடு. கரிய முக்கோணம், மூலைக்கு ஒன்றாக மூன்று வெள்ளை விளக்கு, நடுவே செம்மஞ்சளாக ஒன்று. நீங்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். பறக்கும் முக்கோணம் என்று இணையத்தில் எங்கே தேடினாலும் முதலில் வந்து நிற்பது இதுதான்.

சோபெப்ஸ் இதை ஆராயாமல் விடவில்லை. பெல்ஜிய ராணுவக் கல்லூரியின் படஆய்வு நிபுணர் மார்க் ஆஷெர்வா பார்த்தார். வெளிநாட்டு நிபுணர்களும் பார்த்தார்கள். பிலிமில் ஒட்டுவேலை இல்லை என்றார்கள். உண்மைதான், ஒட்டுவேலை இல்லை! எதிரே தொங்கியதைத்தான் கேமரா எடுத்திருந்தது. 2011 ஜூலை 26 அன்று ஒரு தொலைக்காட்சியில் படம் எடுத்தவரே வந்து, தெர்மாகோல் பலகையை முக்கோணமாக வெட்டி, கருப்புப் பூசி, சின்ன விளக்குகளைச் செருகி, கட்டித் தொங்கவிட்டு, நண்பர்களோடு ஒரு மாலையில் எடுத்தது என்று சொன்னார். இருபத்தொரு வருஷம் கழித்து.

இதில் நிபுணரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிலிமைக் கொடுத்து "பிலிமில் ஏமாற்று உண்டா" என்று கேட்டார்கள், அவர் அதற்குப் பதில் சொன்னார். கேட்க வேண்டிய கேள்வி வேறு. பின்னணியில் ஒரு கூரை, ஒரு மரம், ஒரு கம்பம்கூட இல்லாத படத்தில் அந்தப் பொருள் முப்பது மீட்டர் அகலமா முப்பது சென்டிமீட்டர் அகலமா என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தேகவாதிகள் இதை அப்போதே சொன்னார்கள். சிலர் அதே மாதிரிப் படத்தை மிகச் சாதாரண பொருட்களை வைத்து எடுத்தே காட்டினார்கள். சோபெப்ஸ்காரர்கள் காது கொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான வாக்குமூலத்துக்கு நடுவே ஒரே ஒரு நல்ல படம். கையை விட மனசு வரவில்லை. பதிவறையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்பது தாளைச் சல்லடை போட்டுச் சலிக்கிறவர், தான் ஆசைப்பட்ட நாற்பத்தோராவது தாளை மட்டும் அப்படியே நூலில் கோத்துவிடுவார்.

---

வடலி

வணக்கம் எல்லோருக்கும். நான் இருப்பது பெல்ஜியத்தில், லியேஜ் பக்கம், இருபத்தாறு வருஷமாக. பெத்தி-ரெஷேன் வழியாக வேலைக்குப் போன காலமும் உண்டு. அங்கே அந்தப் படத்துக்குச் சிலையும் இல்லை, பலகையும் இல்லை, தேடி வந்துவிடாதீர்கள்.

இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒன்றை இந்த இழையில் யாரும் சொல்லவில்லை. இந்த நாடு மொழியால் பிளந்த நாடு. வடக்கே டச்சு மொழி பேசும் ஃப்ளாண்டர்ஸ், தெற்கே பிரெஞ்சு பேசும் வாலோனியா, கிழக்கு ஓரத்தில் ஆய்ப்பனைச் சுற்றி ஜெர்மன் பேசும் சின்னத் துண்டு. பேப்பர் வேறு, டிவி வேறு. அலை எழுந்தது பெரும்பாலும் தெற்கே. வடக்கே மிகக் குறைவு. வானத்தில் பறக்கிற பொருள் மொழி எல்லையைப் பார்த்தா திரும்பிப் போகும்?

என்னோடு வேலை செய்த ஒரு வாலோன் மனிதர், அப்போது பள்ளிக்கூடப் பொடியன், தகப்பனோடு குன்றில் ஏறி மூன்று இரவு காத்திருந்தாராம். பக்கத்துத் தெருவே அங்கே நின்றதாம். சூடான சாக்லேட் குடித்ததுதான் மிச்சம் என்பார். ஆனால் "நாங்கள் பார்க்கவில்லை" என்று யாரும் சோபெப்ஸுக்குப் போன் எடுக்கவில்லைத்தானே. அந்தக் கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது?

---

எட்டுக்கால்

வடலி அண்ணா, மொழி விஷயம் யோசிக்க வைக்கிறது. ராடாரையும் படத்தையும் விட்டுவிடுகிறேன், சரி. ஆனால் 2,600 பேர்! அத்தனை பேருமா தப்பாகப் பார்ப்பார்கள்?

---

சுந்தரி_கோவை

2,600 பேர் ஒரே பொருளைப் பார்த்தார்கள் என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். 2,600 பேர் 2,600 தடவை எதையோ பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஹெலிகாப்டர், ஒருவருக்கு இறங்கப்போகும் விமானத்தின் விளக்கு, ஒருவருக்கு வெள்ளிக் கிரகம்.

வெள்ளியைச் சும்மா சொல்லவில்லை. நான் இருக்கும் வானியல் மன்றத்தில் பழைய தேதிகளுக்கு வானத்தைப் போட்டுப் பார்ப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு. 1989 நவம்பர் கடைசியில் வெள்ளி மாலை வானில், தென்மேற்கே, மிகப் பிரகாசமாக இருந்தது. ஆய்ப்பனிலிருந்து கிலேப் அணையும் தென்மேற்குதான். அணைப் பக்கம் நெடுநேரம் அசையாமல் நின்ற வெள்ளை விளக்கு வெள்ளியாக இருக்கலாம் என்று அந்த ஊர் சந்தேகவாதிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்துக்கு மேல் நின்றதை வெள்ளி என்று நான் சொல்லமாட்டேன். அது பொருந்தவில்லை.

அமெரிக்காவில் ஆலன் ஹென்ட்ரி என்பவர் 1970களில் ஒரு மையத்துக்கு வந்த 1,307 புகார்களைத் தனியாளாக உட்கார்ந்து விசாரித்தார். போனில் பிடித்து, விமான நிலையத்தைக் கேட்டு, நட்சத்திர வரைபடம் பார்த்து. மிஞ்சியது 113. அவர் எதிரி முகாம் ஆளும் இல்லை, பறக்கும் தட்டு ஆராய்ச்சி மையத்து ஆள்தான். சோபெப்ஸ் அந்தச் சலிக்கும் வேலையில் அவ்வளவு கறாராக இருந்ததா? எனக்குச் சந்தேகம். லியேஜ் பல்கலைக்கழக வானியலாளர் பியர் மகேன் அவர்களை விமர்சித்ததும் இதை வைத்துத்தான். சாட்சியத்தை இயற்பியல் அளவீடு மாதிரி நடத்துகிறார்கள், அது மனித அறிவியலில் சேர வேண்டிய சரக்கு என்றார்.

---

கோப்புக்காரன்

மகேன் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதிக்கு ஒரு பதில் உண்டு. அளவீடு எடுக்க அவர்கள் முயலவில்லை என்று சொல்ல முடியாது.

1990 ஈஸ்டர் விடுமுறையில் லியேஜ் பக்கத்து பியர்செ விமானத் தளத்தில் முகாம் போட்டார்கள். தன்னார்வலர்கள் கார்களில் வட்டாரம் முழுக்கப் பரவி நிற்பது, காவல் நிலையங்களிலிருந்து தகவல் வந்தால் உடனே அந்தப் பக்கம் விரைவது. விமானப்படை இரண்டு விமானங்களைக் கொடுத்தது, ஒன்றில் அகச்சிவப்புக் கேமராவோடு. சந்தா கட்டி நடத்தும் ஒரு சங்கத்துக்கு விமானப்படை விமானம் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். நம் ஊர் சங்கத்துக்கு மைக்செட் வாங்கவே மூன்று தடவை அலைய வேண்டும். பல ராத்திரி காத்திருந்தார்கள். விசேஷமாக ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்றே எழுதியும் வைத்தார்கள்.

அப்புறம் அலை அடங்கியது. போன் ஓய்ந்தது. சந்தா குறைந்தது. ஆட்களுக்கு வயசாகியது. 2007 கடைசியில் பணமில்லாமல் சங்கத்தையே கலைத்துவிட்டார்கள். கோபெப்ஸ் என்ற பெயரில் சிறிய குழுவாகச் சிலர் தொடர்ந்தார்கள், ஆரம்பக்காலத்து ஆளான பத்ரிக் ஃபெரின் அதை முன்னின்று நடத்தினார். நான்கு வருஷத்தில் அந்தத் தெர்மாகோல் செய்தி வந்தபோது அடி வாங்க சோபெப்ஸ் என்ற பெயர்ப்பலகை இல்லை, வயசான மனிதர்கள்தான் இருந்தார்கள்.

வடலி கேட்டது நல்ல கேள்வி. குன்றில் நின்று ஒன்றும் பார்க்காதவர்களின் கோப்பு எங்கேயும் இல்லை. ஈஸ்டர் முகாம் ஒன்றுதான் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

---

மணி_ராடார்

அமெரிக்கர்களின் எஃப்-117 ரகசிய விமானம் என்று ஒரு கதையும் உண்டே, அதை யாரும் தொடவில்லை. நல்லது. அந்த விமானம் வயலுக்கு மேல் சத்தமில்லாமல் அசையாமல் நிற்க முடியாது. அமெரிக்கத் தரப்பும் மறுத்துவிட்டது. அதோடு விட்டுவிடலாம்.

---

வடலி

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சிரிக்கக் கூடாது.

போன மார்கழியில் இரவு வேலை முடிந்து காரில் வரும்போது நானும் மூன்று விளக்கு பார்த்தேன். நெடுஞ்சாலைக்கு இடப்பக்கம், தாழ்வாக. இரண்டு சிவப்பு, ஒன்று வெள்ளை. என்னோடு கூடவே வந்தது போல இருந்தது. மனுசிக்குச் சொன்னேன், நித்திரைத் தூக்கம் என்றாள். இந்த இழையை வாசித்த பிறகு சோபெப்ஸ்காரர் வந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

---

கோப்புக்காரன்

யார் சிரிப்பார்கள்? பதில் சொல்லுங்கள். கூடவே வந்தது என்கிறீர்கள், கார் நின்றபோது அது நின்றதா? கையை நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கினால் அந்த ஒரு முட்டி சுமார் பத்துப் பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம்? மூன்றுக்கும் இடையே எத்தனை விரல்? சிவப்பு இரண்டும் மினுக்கினவா, மினுக்கினால் ஒன்றாகவா மாறி மாறியா? எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இருட்டில் அது யாருக்கும் தெரியாது. முடிந்தால் அதே இடத்துக்கு அதே நேரத்தில் இன்னொரு தடவை போங்கள்.

---

வடலி

நேற்று இரவு போனேன் அண்ணை. பாதுகாப்பாக நிறுத்த இடம் தேடியே கால் மணி நேரம் போய்விட்டது.

சிவப்பு இரண்டும் அங்கேயே இருக்கின்றன. காற்றாலை. உச்சியில் எரிகிற எச்சரிக்கை விளக்கு, இரண்டும் ஒரே நேரத்தில் மினுக்குகின்றன. உயரம் அரை முட்டிகூட இல்லை. கார் ஓடினால் கூடவே வருகிறது, நின்றால் நிற்கிறது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மூன்று வருஷமாக அந்தப் பாதையால் போகிறேன்.

ஆனால் வெள்ளை விளக்கு இல்லை. அது இருந்த இடம் நல்ல ஞாபகம், சிவப்பு இரண்டுக்கும் மேலே, கொஞ்சம் வலப்பக்கம். மினுக்கவில்லை.

---

சுந்தரி_கோவை

எந்தத் திசை என்று சொல்லுங்கள் அண்ணா. தேதியும் மணியும் கொடுத்தால் அன்றைய வானத்தைப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். மார்கழியில் என்றால் கிரகமாகவும் இருக்கலாம், லியேஜில் இறங்கும் சரக்கு விமானமாகவும் இருக்கலாம்.

---

வடலி

திசை தென்கிழக்கு, வரைபடத்தில் பார்த்துவிட்டேன். தேதி வேலை அட்டவணையில் இருக்கும், எடுத்துத் தருகிறேன். மணிதான் பார்க்கவில்லை.

---

கோப்புக்காரன்

மணிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள். வேலை எத்தனை மணிக்கு முடிந்தது என்பதையும் சேர்த்து.